வால்தேஸ் பதிதர், பிரான்சிஸ் புனிதர்: இடையில் கோடு எங்கே விழுந்தது?

கேள்வி இது: லியோன் நகர வணிகர் வால்தேஸ் சொத்தைத் துறந்து, ஏழையாக ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொன்னார், திருச்சபை அவரைப் பதிதர், அதாவது சரியான விசுவாசத்திலிருந்து விலகியவர், என்று விலக்கியது. ஒரு தலைமுறை கழித்து அசிசி நகர வணிகரின் மகன் பிரான்சிஸ் ஏறக்குறைய அதையே செய்தார். திருச்சபை அவரைப் புனிதராக்கியது. அப்படியானால் நடுக்கால ஐரோப்பாவில் ஒருவர் பதிதரா இல்லையா என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் என்ன நம்பினார் என்பது பாதிதான். ‘நிறுத்து’ என்று மேலிடம் சொன்னபோது அவர் என்ன செய்தார் என்பது மீதிப் பாதி, பல வழக்குகளில் அதுவே கனமான பாதி. இது பிற்கால ஆய்வாளர்கள் கட்டிய விளக்கம் என்று நினைக்க வேண்டாம். அக்காலத் திருச்சபையே இப்படித்தான் வரையறுத்தது. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிங்கன் ஆயராக இருந்த ராபர்ட் க்ரோசெட்டெஸ்ட் சொன்னதாக வழங்கும் வரையறையில் நான்கு உறுப்புகள் உண்டு: மனித அறிவு தானாகத் தேர்ந்துகொண்ட கருத்து, அது வேதத்துக்கு முரணானது, வெளிப்படையாகப் போதிக்கப்படுவது, பிடிவாதமாகக் காக்கப்படுவது. நான்கும் சேர்ந்தால்தான் பதிதம். தவறாக நினைத்தவர், சுட்டிக்காட்டியதும் திருத்திக்கொண்டால், அவர் பிழை செய்தவர் மட்டுமே.

ஜெர்மானிய டொமினிக்கன் துறவி எக்கார்ட் 1326இல் கொலோன் நகரில் தம்மீது வழக்கு வந்தபோது இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். “நான் தவறக்கூடும், பதிதனாக இருக்க முடியாது. முன்னது அறிவைச் சேர்ந்தது, பின்னது மன விருப்பத்தைச் சேர்ந்தது” என்றார். தீர்ப்பு வருமுன் இறந்துபோனார். 1329இல் போப் அவருடைய 28 கூற்றுகளைக் கண்டித்தபோது, அவர் கடைசியில் எல்லாவற்றையும் திருச்சபையின் முடிவுக்கு விட்டுவிட்டார் என்பதையும் அதே ஆணையில் எழுதினார். கூற்றுகள் கண்டிக்கப்பட்டன, ஆள் தப்பினார்.

இனி வால்தேசுக்கு வருவோம். அவர் கதையை லான் நகரத்தில் எழுதப்பட்ட ஒரு காலவரிசைக் குறிப்பு சொல்கிறது. 1173ஐ ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவில் ஒரு பாடகன் புனித அலெக்சிஸின் கதையைப் பாடிக்கொண்டிருந்தான். செல்வர் வீட்டுப் பிள்ளை திருமண நாளன்றே வீட்டைத் துறந்து, பிறகு பிச்சைக்காரனாகத் திரும்பி, தந்தையின் வீட்டிலேயே யாரென்று தெரியாமல் கிடந்து இறந்த கதை அது. வட்டிக்கு விட்டுப் பணம் சேர்த்திருந்த வால்தேஸ் கலங்கிப்போனார். மறையியல் ஆசிரியர் ஒருவரிடம் போய், கடவுளிடம் போவதற்கு உறுதியான வழி எது என்று கேட்டார். “நீ நிறைவுள்ளவனாக இருக்க விரும்பினால், போய் உன் உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடு” என்ற வசனம் பதிலாக வந்தது. அவர் அதை அப்படியே செய்தார். மனைவிக்கு நிலபுலன்களைக் கொடுத்தார். மகள்களை ஃபோன்டெவ்ரோ மடத்தில் சேர்த்தார். அநியாயமாக வாங்கியதை உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தைப் பஞ்ச காலத்தில் ரொட்டியாகவும் கறியாகவும் ஏழைகளுக்குப் பகிர்ந்தார். பிறகு பழைய நண்பர் ஒருவரிடம் போய்ச் சாப்பாட்டுக்குக் கை நீட்டினார்.

அது மனைவியின் காதுக்கு எட்டியது. அவர் பேராயரிடம் ஓடினார். வால்தேசை வரவழைத்தபோது, மனைவி அவருடைய உடையைப் பற்றிக்கொண்டு, ‘யாரோ அந்நியர் உங்களுக்குப் பிச்சையிட்டுப் புண்ணியம் சேர்ப்பதைவிட, நான் கொடுத்து என் பாவத்தைப் போக்கிக்கொள்ளக் கூடாதா’ என்று அழுதார். நகரத்துக்குள் இருக்கும்போது மனைவியோடு தவிர வேறு யாரோடும் சாப்பிடக் கூடாது என்று பேராயர் உத்தரவிட்டார். வால்தேஸ் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பெண்தான். அவருடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

இதுவரை எதிலும் பதிதம் இல்லை. சிக்கல் போதனையில் தொடங்கியது. வால்தேஸ் நற்செய்தி நூல்களை மக்கள் மொழியில் பெயர்த்து எழுதச் செய்தார். அதை மனப்பாடம் செய்து தெருவில் சொன்னார். கூடச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் சொன்னார்கள். குருப்பட்டம் பெறாத ஒருவர், ஆயர் அனுப்பாத ஒருவர், போதிக்கலாமா? “அனுப்பப்படாமல் எப்படி அறிவிப்பார்கள்?” என்று பவுல் உரோமையருக்கு எழுதிய வரியைக் குருக்கள் காட்டினார்கள். 1179இல் உரோமையில் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம் கூடியபோது வால்தேசின் ஆட்கள் அங்கேயே போய் அனுமதி கேட்டார்கள். போப் மூன்றாம் அலெக்சாந்தர் அவர்களுடைய ஏழ்மை விரதத்தை ஏற்றார். போதிப்பதற்கு மட்டும் உள்ளூர்க் குருக்கள் கேட்டுக்கொண்டால் ஒழியக் கூடாது என்றார்.

அந்தச் சங்கத்தில் அவர்களைச் சோதிக்கும் பொறுப்பு வால்டர் மேப் என்ற ஆங்கிலேய அரசவைக் குருவுக்குக் கிடைத்தது. ‘தந்தையாகிய கடவுளில் விசுவாசம் கொள்கிறீர்களா’ என்றார். கொள்கிறோம் என்றார்கள். மகனில்? கொள்கிறோம். தூய ஆவியில்? கொள்கிறோம். கிறிஸ்துவின் தாயில்? கொள்கிறோம். சபை முழுவதும் சிரித்தது. அந்தச் சொல்முறை மூவொரு கடவுளுக்கு மட்டுமே உரியது என்பது மறையியல் படித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அதே வால்டர் மேப், இவர்கள் இருவர் இருவராக வெறுங்காலோடு, எதுவும் சொந்தமில்லாமல், அப்போஸ்தலர்களைப்போல எல்லாவற்றையும் பொதுவில் வைத்து நடக்கிறார்கள் என்று எழுதிவிட்டு, இவர்களை உள்ளே விட்டால் நாம் வெளியே தள்ளப்படுவோம் என்றும் சேர்த்து எழுதினார். இந்த ஒரு வரி எத்தனையோ ஆணைகளைவிட அதிகம் சொல்கிறது. படிப்பில்லாதவர்கள் என்று சிரித்தவர் அவர்களைக் கண்டு பயந்தும் இருந்தார்.

அடுத்த ஓரிரு ஆண்டில் லியோனில் போப்பின் தூதர் முன் வால்தேஸ் விசுவாச அறிக்கை ஒன்றை ஏற்றார். அதில் குறை காண இடமே இல்லை. பாவியான குரு நிறைவேற்றும் திருப்பலியும் செல்லும் என்பதைக்கூட ஒப்புக்கொண்டார். ஆனால் புதிதாக வந்த பேராயர் போதனையை முற்றிலும் தடை செய்தபோது, “மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்கு அல்லவா கீழ்ப்படிய வேண்டும்” என்ற பேதுருவின் சொல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் தொடர்ந்தார்கள். நகரத்தைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். 1184இல் வெரோனாவில் போப் மூன்றாம் லூசியஸ் வெளியிட்ட ஆணையில், கத்தாரிகளுக்குப் பக்கத்தில் ‘லியோனின் ஏழைகள்’ பெயரும் ஏறியது. உலகைப் படைத்தது தீய சக்தி என்று சொன்னதாகக் குற்றம்சாட்டப்பட்டவர்களும், அனுமதியில்லாமல் நற்செய்தி சொன்னவர்களும் ஒரே பட்டியலில். திருச்சபையின் விசுவாசத்தோடு முரண்படும் கருத்துகள் வால்தேசியரிடம் வேர்விட்டது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வெளியே தள்ளிய பிறகு, தள்ளியவர்களின் அதிகாரத்தை அவர்கள் ஏன் ஏற்க வேண்டும்?

1209ஐ ஒட்டிப் பிரான்சிஸ் தம் தோழர்களோடு போப் மூன்றாம் இன்னொசென்ட் முன் போய் நின்றபோது நிலைமை வேறு. அசிசி ஆயர் அவருக்கு ஆதரவு. ஒரு கர்தினால் அவருக்காகப் பேசினார். இன்னொசென்ட் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார்: மனந்திரும்புதலைப் பற்றிப் பேசுங்கள், மறைக்கோட்பாட்டு நுணுக்கங்களுக்குள் போக வேண்டாம். பிரான்சிஸ் அதை மனமார ஏற்றார். இறக்கும் தறுவாயில் அவர் விட்டுச்சென்ற மரண சாசனத்தில், சாலமோனுக்கு இருந்த ஞானம் எனக்கு இருந்தாலும், எளிய குருக்கள் இருக்கும் பங்குகளில் அவர்கள் விருப்பத்தை மீறிப் போதிக்க மாட்டேன் என்கிறார். வால்தேஸ் எந்த இடத்தில் நின்றாரோ அதே இடத்தில் பிரான்சிஸ் மறுபக்கம் திரும்பினார். இறந்து இரண்டு ஆண்டு நிறைவதற்குள், 1228இல், புனிதர் பட்டம் வந்தது.

இதனால் பிரான்சிஸைச் சிறியவராக்குவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய பணிவு உண்மையானது. ஆனால் மேலிடமும் மாறியிருந்தது. மூன்றாம் இன்னொசென்ட் 1201இல், 1184 பட்டியலில் இருந்த ஹுமிலியாத்தி (‘தாழ்மையர்’) என்ற இத்தாலியக் குழுவை மூன்று பிரிவாக ஒழுங்குபடுத்தித் திரும்பச் சேர்த்துக்கொண்டார். 1208இல் வால்தேசியரான ஹுவெஸ்கா ஊர் துராந்து தலைமையில் திரும்பியவர்களைக் ‘கத்தோலிக்க ஏழைகள்’ என்ற பெயரில் ஏற்றார். ஏழ்மையை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஒருவர் 1179இல் அந்த ஆசனத்தில் இருந்திருந்தால், வால்தேஸ் ஒரு துறவற சபையின் நிறுவனராகியிருப்பார் என்றே நான் நம்புகிறேன்.

இங்கே ஒரு முன்கதை இல்லாமல் எதுவும் விளங்காது. குருக்களின் ஒழுக்கத்தை மக்கள் கேள்வி கேட்கத் தூண்டியதே போப்புகள்தான். 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஏழாம் கிரகோரியும் அவருக்கு முன்பின் இருந்த சீர்திருத்தப் போப்புகளும், பதவியைக் காசு கொடுத்து வாங்கிய குருக்களின் திருப்பலியையும் மனைவி வைத்திருந்த குருக்களின் திருப்பலியையும் புறக்கணிக்கும்படி பொதுமக்களிடம் சொன்னார்கள். 1077ஐ ஒட்டிக் காம்ப்ரே நகரில் ரமிர்துஸ் என்பவரை ஆயர் விசாரித்தார். விசுவாசம் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் சரியாகவே பதில் சொன்னார். அப்படியானால் உறுதிப்படுத்த நற்கருணை வாங்கு என்றார்கள். இங்கே இருக்கும் யார் கையிலிருந்தும் வாங்க மாட்டேன், ஆயர் உட்பட எல்லோரும் காசுக்குப் பதவி வாங்கிய கறை படிந்தவர்கள் என்றார். ஆயரின் ஆட்கள் சிலரும் வேறு சிலரும் அவரைக் குடிசை ஒன்றில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள். செய்தி உரோமைக்குப் போனபோது கிரகோரி கொதித்தார். உண்மையாக இருந்தால் கொளுத்தியவர்களைச் சபையிலிருந்து விலக்கும்படி பாரிஸ் ஆயருக்கு எழுதினார். உள்ளூரில் பதிதர், உரோமையில் சீர்திருத்தத்தின் தியாகி. அடுத்த நூற்றாண்டில் அதே புறக்கணிப்பை யாராவது செய்தால், பாவிக் குருவின் அருளடையாளம் செல்லாது என்கிற பழைய தொனாத்திஸ்ட் தப்பறை (தவறான போதனை) என்று வழக்குப் போட்டார்கள்.

கத்தாரிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், ஆனால் அதில் எச்சரிக்கை தேவை. தென் பிரான்சின் கிராமங்களில் மக்கள் ‘நல்ல மனிதர்கள்’ என்று மதித்த துறவிகள் இருந்தார்கள். இறைச்சி உண்ணாமல், மணவுறவு இல்லாமல் வாழ்ந்தார்கள். சாகும் தறுவாயில் இருப்பவர் தலையில் கைவைத்து ஆசி கொடுத்தார்கள். இது உறுதி. அவர்களுக்குப் பின்னால் பால்கன் வரை நீண்ட ஓர் எதிர்த்திருச்சபை, நன்மைக்கு ஒரு கடவுள் தீமைக்கு ஒரு கடவுள் என்ற முழுமையான கோட்பாடு இருந்ததா, அல்லது அதில் பெரும்பகுதி விசாரணையாளர்களின் நூலறிவிலிருந்து பிறந்ததா என்பதில் வரலாற்றாளர்கள் இன்றும் கடுமையாக மோதுகிறார்கள். ஏதோ ஒன்று இருந்தது, விசாரணைதான் அதற்கு ஒரு முழு உருவத்தைக் கொடுத்தது என்ற நடுநிலைப் பக்கமே நான் சாய்கிறேன். 1208இல் போப்பின் தூதர் பியேர் தெ காஸ்தெல்நோ கொல்லப்பட்டதும் இன்னொசென்ட் சிலுவைப்போர் அறிவித்தார். 1209 ஜூலை 22இல் பெசியே நகரம் அழிந்தது. போப்பின் தூதர் ஆர்னோ அமோரி தாமே எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வாளுக்கு இரையானதாகப் பெருமையோடு சொன்னார். எண்ணிக்கை மிகைப்பட்டிருக்கலாம், பெருமை மிகைப்படவில்லை. ‘எல்லோரையும் கொல்லுங்கள், தம்மவர் யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்’ என்று அவர் சொன்னதாகப் பரவலாக மேற்கோள் காட்டுவார்கள். அது பல ஆண்டு கழித்து ஜெர்மானியத் துறவி ஒருவர் கேள்விப்பட்டு எழுதியது, நேர்ச்சாட்சி அல்ல.

அடுத்து, கோட்டைக் கூர்மையாக்கிய சட்டங்கள். 1199இல் இன்னொசென்ட் பதிதத்தை உரோமைச் சட்டத்தின் இராஜத் துரோகத்தோடு ஒப்பிட்டார். அதன் விளைவு சொத்துப் பறிமுதல், பிள்ளைகளுக்கும் சேர்த்து. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் எதை நம்ப வேண்டும் என்று முதல் விதியிலேயே எழுதி வைத்தது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று 21ஆம் விதியில் சொன்னது. 1229இல் துலூஸ் சங்கம் பொதுநிலையினர் பழைய, புதிய ஏற்பாட்டு நூல்களை வைத்திருப்பதையே தடை செய்தது. திருப்பாடல் நூலும் செப நூல்களும் மட்டும் விலக்கு. 1231 முதல் போப் ஒன்பதாம் கிரகோரி தனி விசாரணையாளர்களை நியமிக்கத் தொடங்கினார். 1252இல் நான்காம் இன்னொசென்ட் சித்திரவதையை அனுமதித்தார். நம் பக்கத்தில் இன்குவிசிஷன் என்றதும் கோவாதான் பலருக்கு நினைவு வரும். அது 1560இல் போர்ச்சுகல் அரசின் கீழ் தொடங்கிய மன்றம், இதற்கும் அதற்கும் முந்நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. 13ஆம் நூற்றாண்டில் ஒரே மன்றம், ஒரே தலைமை என்று எதுவும் இல்லை. ஆங்காங்கே நியமிக்கப்பட்ட டொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள், அவர்களோடு எழுத்தர்கள், முக்கியமாகப் பதிவேடுகள்.

இந்தப் பதிவேடுகள்தான் பெரிய மாற்றம். 1245, 1246இல் துலூஸில் இரண்டு விசாரணையாளர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கிராமம் கிராமமாக வரவழைத்து வாக்குமூலம் எழுதினார்கள். பத்து ஆண்டு கழித்து உங்கள் பெயர் வேறொருவர் வாயிலிருந்து வந்தால், பழைய ஏட்டைப் புரட்டி நீங்கள் அன்று மறைத்ததைக் கண்டுபிடிப்பார்கள். குற்றம் சொன்னவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘உனக்கு எதிரிகள் யார்’ என்று கேட்பார்கள். நீங்கள் சொன்ன பெயர்களில் சாட்சி இருந்தால் மட்டும் அது தள்ளப்படும். பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது தீ அல்ல: உடையின் முன்னும் பின்னும் தைத்த மஞ்சள் சிலுவை, திருப்பயணம், சிறை. விசாரணையாளர் பெர்னார் கீ துலூஸில் தண்டித்த அறுநூற்றுச் சொச்சம் பேரில் உயிரோடு எரிக்கப்பட்டவர்கள் நாற்பதைச் சுற்றித்தான். ‘தான்’ என்று எழுதும்போதே கை கூசுகிறது. மஞ்சள் சிலுவையோடு சந்தைக்குப் போன ஒருவருக்கு யார் வேலை கொடுப்பார்கள், அவருடைய மகளை யார் கட்டுவார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மார்கரீத் பொரேத்தின் வழக்கில் கீழ்ப்படியாமை எவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று பார்க்கலாம். வாலென்சியென் பகுதிப் பெண், பெகின். அதாவது மடத்தில் சேராமல், நிரந்தர வாக்குறுதி கொடுக்காமல், துறவு வாழ்க்கை நடத்திய பெண்களில் ஒருவர். ஆன்மா அன்பில் முற்றிலும் கரைந்து, தன் விருப்பம் என்று ஒன்று இல்லாமல் போகும் நிலையைப் பற்றி ‘எளிய ஆன்மாக்களின் கண்ணாடி’ என்ற நூலைப் பிரெஞ்சில் எழுதினார். காம்ப்ரே ஆயர் அதை அவர் கண்முன்னேயே எரித்து, இனிப் பரப்பக் கூடாது என்று எச்சரித்தார். அவர் நிறுத்தவில்லை, நூலை மேலும் சிலருக்குக் கொடுத்தார், மறையியல் அறிஞர்களிடம் காட்டிப் பாராட்டும் வாங்கினார். 1308இல் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்தார். விசாரணையாளர் முன் சத்தியம் செய்யவும் மறுத்தார், பேசவும் மறுத்தார். நூலிலிருந்து பிரித்தெடுத்த சில கூற்றுகளை 21 மறையியல் அறிஞர்கள் படித்துத் தப்பறை என்றார்கள். 1310 ஜூன் 1இல் பாரிசின் கிரேவ் சதுக்கத்தில் எரிக்கப்பட்டார்.

அந்த நூல் சாகவில்லை. ஆசிரியர் பெயர் இல்லாமல் மடங்களில் படியெடுக்கப்பட்டு, இலத்தீனிலும் இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் வலம் வந்தது. பக்தியுள்ள துறவிகள் பல நூற்றாண்டு அதைப் படித்துச் செபித்தார்கள். அதை எழுதியவர் மார்கரீத் என்பதை 1946இல்தான் இத்தாலிய ஆய்வாளர் ரொமானா குவார்னியேரி கண்டறிந்தார். அவருடைய பெயர் ஒட்டியிருந்தபோது தப்பறை. பெயர் உதிர்ந்ததும் தியான நூல்.

பிரான்சிஸின் சொந்தப் பிள்ளைகளுக்கே இந்தக் கதி வந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நிறுவனரின் ஏழ்மையைச் சற்றும் தளர்த்தக் கூடாது என்றவர்கள் ‘ஆன்மிகர்’ என்று அழைக்கப்பட்டார்கள். குட்டையான, ஒட்டுப்போட்ட அங்கி அணிந்தார்கள். மடத்தில் தானியமும் திராட்சைரசமும் சேர்த்து வைப்பது விதிமீறல் என்றார்கள். 1317இல் போப் இருபத்திரண்டாம் யோவான், அங்கியின் அளவையும் களஞ்சியத்தையும் சபைத் தலைவர்கள் முடிவு செய்வார்கள் என்று ஆணையிட்டார். அந்த ஆணையில்தான், ஏழ்மை பெரிது, கற்பு அதைவிடப் பெரிது, கீழ்ப்படிதல் எல்லாவற்றிலும் பெரிது என்று எழுதினார். பலர் பணிந்தார்கள். 1318 மே 7இல் மார்செய் நகரில் பணியாத நான்கு துறவிகள் எரிக்கப்பட்டார்கள். அவர்களுக்குத் தீர்ப்பளித்த விசாரணையாளரும் பிரான்சிஸ்கன்தான். ஐந்து ஆண்டு கழித்து, கிறிஸ்துவுக்கும் அப்போஸ்தலருக்கும் தனியாகவோ கூட்டாகவோ எந்த உடைமையும் இல்லை என்று பிடிவாதமாகச் சொல்வதே பதிதம் என்று அதே போப் அறிவித்தார். 1279இல் போப் மூன்றாம் நிக்கோலாஸ் தமது ஆணையில் போற்றிய ஏழ்மை அதுதான். 1300இல் ஒரு துறவி மறையுரையில் சொன்னால் பக்தி. 1325இல் அதே வார்த்தைகளுக்கு விசாரணை.

அங்கியின் நீளத்துக்காகவா ஒருவரை எரிப்பது என்று இன்று கேட்பது எளிது. அந்த நால்வருக்கு அது அங்கி அல்ல, கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. போப்புக்கும் அது அங்கி அல்ல. ஒரு துறவி தன் மனச்சாட்சியைக் காட்டி ஆணையை மறுக்கலாம் என்றால், ஆணை என்பதற்கே பொருள் இல்லாமல் போகும்.

அதே ஆண்டுகளில் பைரனீஸ் மலையடிவாரத்துப் பாமியே நகர ஆயர் ஜாக் ஃபூர்னியே விசாரித்த இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வேன். இந்தக் கேள்விக்கு இவற்றைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியாது.

முதலாவது ஓட் ஃபோரே, மெர்வியெல் ஊர்ப்பெண். அவ்வூரில் ஒரு பெண் வீடு போய்ச் சேருமுன் தெருவிலேயே பிரசவித்துவிட்டாள் என்று கோயிலுக்குப் போகும் வழியில் பிற பெண்கள் சொல்லக் கேட்டார். பிரசவத்தின்போது வெளியேறும் அசுத்தம் அவர் மனத்தில் பதிந்துவிட்டது. அன்றிலிருந்து குரு நற்கருணை அப்பத்தை உயர்த்தும்போதெல்லாம், கிறிஸ்துவின் உடலும் அப்படித்தானே இந்த உலகத்துக்கு வந்தது என்ற நினைவு எழுந்தது. அந்த அப்பம் கிறிஸ்துவின் உடல் என்று அவரால் நம்ப முடியாமல் போனது. கணவரிடம் சொன்னார், கணவர் திட்டினார். உயர்த்தும் நேரத்தில் செபிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை என்று கதறினார். நற்கருணை நடுக்கால விசுவாசத்தின் மையம். அதையே இந்தப் பெண் நம்பவில்லை. ஆனால் அவர் அதை யாருக்கும் போதிக்கவில்லை, காக்கவுமில்லை. நம்ப உதவி செய்யுங்கள் என்றுதான் கேட்டார். ஃபூர்னியே தவமும் நோன்பும் திருப்பயணமும் விதித்து வீட்டுக்கு அனுப்பினார்.

இரண்டாவது ரேமோன் தெ லா கோத், வால்தேசியத் தியாக்கோன் (குருவுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்), படித்தவர். அவரோடு அவரை வளர்த்த செவிலித்தாய் ஆக்னெஸ், வயதானவர். ரேமோன் கத்தோலிக்க விசுவாசத்தின் பெரும்பகுதியை ஏற்றார். இறந்தவரின் ஆன்மா தூய்மை பெறும் உத்தரிக்கிற தலம் என்று ஒன்று இல்லை என்றார். ஆயரும் அவரும் மாதக்கணக்கில், நூல்களை மேற்கோள் காட்டி விவாதித்த பதிவு இருக்கிறது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஒரு முட்டுக்கட்டை விழுந்தது: உண்மை சொல்வேன் என்று நற்செய்தி நூலைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். ‘ஆணையிடவே வேண்டாம்’ என்று இயேசு மலைப்பொழிவில் சொன்னாரே, செய்ய மாட்டேன் என்றார் ரேமோன். செவிலித்தாயும் மறுத்தார். எத்தனை முறை கேட்டும் மறுத்தார். 1320 மே 1இல் இருவரும் எரிக்கப்பட்டார்கள். ஃபூர்னியே விசாரித்த ஆண்டுகள் முழுவதிலும் எரிக்கப்பட்டவர்கள் ஐந்து பேர். அவர்களில் நால்வர் இந்த வால்தேசியக் குழுவினர். ஆன்மா என்பது வெறும் இரத்தமே என்று சொன்ன விவசாயி அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தப் பதிவுகளை வாசிக்கும்போது எனக்கு வரும் கோபம் ஃபூர்னியேமீது அல்ல. அவர் பொறுமைசாலி, நுணுக்கமானவர், மனந்திருப்பவே முயன்றார். அந்தப் பொறுமையின் முடிவிலும் தீ இருந்தது என்பதே என்னை உறுத்துகிறது. பிழை அறிவைச் சேர்ந்தது, பதிதம் விருப்பத்தைச் சேர்ந்தது என்ற பாகுபாடு கேட்க நியாயமாகத் தோன்றும். அது ஓட் ஃபோரே போன்ற பலரைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் பணியச் சொல்லும் ஆணை சரியா என்று கேட்க அதில் இடமே இல்லை. கேட்பதே பிடிவாதத்துக்குச் சான்று. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர் நற்செய்தியின் நேரடிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றால், அவருக்குப் பதில் சொல்ல அந்த அமைப்பில் வாதம் இருந்தது, ஆனால் வாதம் எடுபடாவிட்டால் விட்டுவிட வழி இருக்கவில்லை.

பிழை மேலிடத்திலேயே நேர்ந்தால்? அதுவும் நடந்தது. 1331 புனிதர் அனைவர் திருநாளில் தொடங்கி, மார்செய் துறவிகளை எரிக்கவைத்த அதே இருபத்திரண்டாம் யோவான், போப்புகள் அப்போது தங்கியிருந்த அவிஞ்ஞோனில் தொடர்ச்சியாக மறையுரைகள் ஆற்றினார். நீதிமான்களின் ஆன்மாக்கள் இறுதித் தீர்ப்பு நாள்வரை கடவுளை நேருக்கு நேர் காணமாட்டா என்றார். புனிதர்கள் இப்போதே கடவுளைக் காண்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தானே மக்கள் அவர்களிடம் வேண்டுகிறார்கள்? பாரிஸ் மறையியல் அறிஞர்கள் எதிர்த்தார்கள், அரசர்கள் தலையிட்டார்கள். ஏழ்மை பற்றிய யோவானின் ஆணைகளை ஏற்காமல் முன்பே அவிஞ்ஞோனை விட்டு ஓடிப்போயிருந்த பிரான்சிஸ்கன் அறிஞர் ஒக்காம் ஊர் வில்லியம், போப்பே பதிதர் என்று எழுதினார். நான் ஓர் அறிஞனாகக் கருத்துச் சொன்னேன், முடிவாக வரையறுக்கவில்லை, திருச்சபை சொன்னால் விட்டுவிடுவேன் என்பது யோவானின் நிலை. 1334 டிசம்பர் 3இல் மரணப் படுக்கையில், கர்தினால்மார் முன் அதைத் திரும்பப் பெற்றார், மறுநாள் இறந்தார். அடுத்துப் போப்பானவர் பன்னிரண்டாம் பெனடிக்ட். முன்னாள் பாமியே ஆயர் ஜாக் ஃபூர்னியேதான் அவர். தூய்மையடைந்த ஆன்மாக்கள் தீர்ப்பு நாளுக்குக் காத்திராமல் கடவுளைக் காண்கின்றன என்று 1336 ஜனவரியில் அவர் ஆணை வெளியிட்டார். இனி இதற்கு மாறாகத் தெரிந்தே பிடிவாதமாகச் சொல்பவர் பதிதராக நடத்தப்படுவார் என்று அந்த ஆணையின் கடைசிப் பகுதி சொல்கிறது.